தொட்டியில் விழுந்த கீறல்

அவள் பல்செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் நாள் முழுக்க அவள் வேலை. அதனால் மீன்தொட்டியை அக்ரிலிக்கில் வாங்கலாம் என்று கணவன் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"பல்லு பண்ற சாமான்ல மீன் வளக்கணுமா? முரட்டுத் துணி பட்டாலே கீறும். கண்ணாடியே வாங்குவோம்."

தொட்டி வாங்கும் யோசனையே அவளுடையதுதான். கணவனின் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்திருந்தது. தனியாக இருந்தவரைத் தம்பி தன்னோடு அழைத்து வந்துவிட்டான். வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த அவர், மற்ற நேரமெல்லாம் ஹாலின் வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரை அடைத்தாற்போல ஒரு பெரிய தொட்டி வைத்தால் அவருக்குப் பொழுதாவது போகுமே என்று இவளுக்குத் தோன்றியது.

கடைக்காரர் இரண்டின் குணத்தையும் சொன்னார். கண்ணாடி லேசில் கீறாது, தெளிவு மங்காது. ஆனால் நல்ல கனம், பலமாக இடித்தால் உடையும். அக்ரிலிக் கனம் குறைவு, இடி தாங்கும், கீறல்தான் தொல்லை. கணவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவன். பக்கத்து சீட்காரர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டாலும் பொறுமை இழக்காதவன், இதில் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

காரணத்தைச் சொன்னது அக்காதான். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

"நான் மேல விழுந்து உடைச்சிடுவேன்னு பயப்படறான். நீ ஆசைப்பட்ட கண்ணாடியே வாங்கும்மா. நான் உள்ரூம்லயே இருந்துக்கறேன்."

தம்பி எழுந்து கை கழுவப் போனான். வெகுநேரம் குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. கூடவே இருந்தும் தனக்கு இது உறைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் இரண்டிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து அக்காவின் மடியில் வைத்தாள். பார்க்கப் போகிறவர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். அக்கா நல்ல கையால் இரண்டையும் தடவினார். கண்ணாடி சில்லென்று இருப்பதாகச் சொன்னார். அப்புறம் அக்ரிலிக் துண்டை விரலால் தட்டிப் பார்த்து, "இதுன்னா பயப்படாம கிட்டப்போய் நின்னு பாக்கலாம்," என்றார்.

அக்ரிலிக் தொட்டியே வந்தது. மீன்களும் வந்தன. அடுத்த வாரமே, வீட்டில் யாருமில்லாத நேரத்தில், அக்கா தானாக எழுந்து தொட்டியருகே போனார். வாக்கர் சறுக்கி அதன் முனை தொட்டியில் கோடு இழுத்துவிட்டது. அவர் விழவில்லை. தொட்டி உடையவில்லை. ஆனால் முன்பக்கம் நீளமாக ஒரு கீறல்.

அவள் திரும்பியபோது அக்கா உள்ரூமில் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். தொட்டியில் கீறலைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் லேபில் சொல்லிவிட்டு பாலிஷ் பசையும் பஞ்சுத் துணியும் கொண்டுவந்தாள். அக்காவைத் தொட்டியருகே நாற்காலியில் உட்காரவைத்து, ஈரத்துணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தேய்த்தபடியே லேப் கதைகளை எடுத்துவிட்டாள். ஒருவர் தன் பல்செட்டை நாய் கடித்துவிட்டதாகக் கொண்டுவந்தாராம். அதையே கடித்த தடம் தெரியாமல் செய்து கொடுத்தார்களாம்.

அக்கா சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது. வழக்கமாகக் கையால் மறைப்பார், அன்று மறைக்கவில்லை.

"மறுபடியும் இடிச்சிட்டா?"

"மறுபடியும் தேய்ப்போம்க்கா. நீங்க விழாம இருந்தா சரி."

சில சாயங்காலங்கள் அப்படியே போயின. கடைசியில் கணவன் குனிந்து தேடிப் பார்த்தபோது கீறல் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்த இடம் என்று கேட்டான். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, சொல்லவில்லை.