பாலத்தை உடைத்த ராஜாவும் பூட்டிய பின்கதவும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மழை, ஜன்னல், பழைய ஞாபகம் என்று நாகரிகமான பிறப்பு ஏதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எதற்குப் பொய்? சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா தன் படையோடு ஆற்றைக் கடந்தார். கடந்ததும், பின்னால் இருந்த பாலத்தை

போதும். எல்லாவற்றையும் ராஜாவிலிருந்து தொடங்கித் தொடங்கித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம். அவர் காத்திருக்கட்டும். முதலில் நான்.

2

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அக்கா துணி ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். அந்தக் காலர்கள்தான் என்னைப் படிக்க வைத்தன. "வரலாறு படிச்சு என்ன கிழிக்கப் போறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ கிழிக்கட்டும், நான் தைச்சுக்கறேன்" என்றாள் அக்கா. அவள் வாய்க்கு முன்னால் என் பட்டமெல்லாம் நிற்காது.

கிழித்தது இதுதான்: ஒரு பயிற்சி நிறுவனத்தில் வேலை. நிகழ்ச்சியின் பெயர் ‘வரலாறு கற்றுத்தரும் தலைமை’. மேனேஜர்கள், சூப்பர்வைசர்கள் எல்லோரும் குளிரூட்டிய அறையில் பிஸ்கட் கடித்துக்கொண்டு ராஜாக்களிடமிருந்து பாடம் கற்பார்கள். ராஜாக்களைத் தோண்டியெடுத்து ஸ்லைடில் படுக்க வைப்பது என் பொறுப்பு. ராஜாவுக்கு ஒரு ஸ்லைடு, பாடத்துக்கு ஒரு ஸ்லைடு. செத்தவர்களுக்கு ஸ்லைடு கிடையாது.

(வரலாற்றிலிருந்து கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தானே படித்தேன். ஆனால் அந்த அறையில் உட்காருகிற ஒவ்வொருவரும் தன்னை ராஜா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர்கூடத் தன்னை ராஜாவின் படையில் நடக்கிற ஆளாக நினைத்துப் பார்ப்பதில்லை. கணக்குப்படி பார்த்தால் நாமெல்லாம் அந்தப் படையில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.)

3

சரி, ராஜா வரலாம்.

இவரை எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள். நிஜ ராஜாவின் பெயரைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் கம்போடு வருவார்கள். அதனால் ஸ்லைடில் இருந்த நிஜ ராஜாவுக்குப் பதிலாக, இந்தக் கதைக்காக நானே செய்தவர். படையோடு ஆற்றைக் கடந்ததும் பாலத்தை உடைக்கச் சொன்னார். "இனி பின்வாங்க வழியில்லை, முன்னால் மட்டும்தான்" என்றார்.

நான் எழுதிக் கொடுத்ததில் இன்னொரு பாதியும் இருந்தது. படை தோற்றது. திரும்பி ஓடி வந்தவர்கள் ஆற்றங்கரையில் பாலம் இல்லாமல் நின்றார்கள். வெட்டுப்பட்டவர்கள் போக, மிச்சப்பேரை ஆறு எடுத்துக்கொண்டது. ராஜா மட்டும் நாணலுக்குள் ஒரு படகை ஒளித்து வைத்திருந்தார்.

அந்தப் பாதியை வெட்டியவர் எங்கள் பயிற்சியாளர். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றாதவர்; அதனால் ஆபீசில் அவர் பெயரே கோட்டு.

"ஏன் சார் வெட்டினீங்க?"

"நெகட்டிவா முடியுதும்மா. காசு கொடுத்து வர்றவன் கிட்ட பொணத்தையா காட்டுவாங்க?"

"பொணம் நெஜம் சார்."

"நெஜம் யாருக்கும்மா வேணும்? தெம்பு வேணும்."

ஸ்லைடில் மிஞ்சியது இது: ‘பின்வழியை மூடு. முன்னேற்றம் தானே வரும்.’

4

இப்போது சோறு இறங்காத அந்த இரவுச் சாப்பாடு.

"எங்க தளத்துல பின்கதவைப் பூட்டிட்டாங்கடி" என்றாள் அக்கா, ஏதோ சினிமா கதை சொல்வதுபோல. "காத்து வாங்கறோம்னு போய் நின்னுடறோமாம், வேலை ஓடலையாம். ஏதோ பயிற்சிக்குப் போயிட்டு வந்து விசில் சொல்றான், ஒரு ராஜா பாலத்தை உடைச்சாராம். அப்பதான் படை ஜெயிச்சுதாம்."

விசில் என்பது அவளுடைய சூப்பர்வைசர். கழுத்தில் விசில் தொங்கும். பேசுவதைவிட ஊதுவது அதிகம்.

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அது என் ஸ்லைடுக்கா."

"என்னது?"

"அந்த ராஜா. நான் எழுதினது. அந்தப் படை ஜெயிக்கல. அத்தனை பேரும் செத்தாங்க."

அக்கா குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நல்லா படிச்சடி" என்றாள். "உன் ராஜா வந்து எங்க கதவுக்குப் பூட்டு போட்டுட்டுப் போயிட்டாரு."

அந்தத் தளத்தை நான் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள்; நடைவழியில் கூரை உயரத்துக்குத் துணிக்கட்டுகள். முன்கதவு ஒருவர் பின் ஒருவராகப் போகிற அகலம். பின்கதவின் மேல் ஓடுகிற மனிதனின் பச்சைப் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் இப்போது பூட்டு.

5

முதல் வரைவில் விசிலை வில்லனாக்கியிருந்தேன். முறுக்கு மீசை, சிவந்த கண். அக்கா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவனுக்கு மீசையே முளைக்காதேடி! மேல இருக்கறவன் திட்டினா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவான், பாவம்."

மீசையை எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை. அழுதுவிட்டு வந்தும் பூட்டுகிறான் இல்லையா?

6

அடுத்த பயிற்சி அக்காவின் ஆலையிலேயே நடந்தது. ஸ்லைடு தள்ளுகிற வேலைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வெட்டிய பாதியை நான் திரும்பச் சேர்த்திருந்தேன். கோட்டுவிடம் சொல்லவில்லை.

அவர் "முன்னேற்றம் தானே வரும்!" என்று கையை உயர்த்தியபோது அடுத்த ஸ்லைடைத் தட்டினேன். உடைந்த பாலம், கரையில் கூட்டம், ஆறு. கோட்டு திரும்பிப் பார்த்தார். அறையில் பிஸ்கட் சத்தம் நின்றது. கதை இங்கே திரும்பப் போகிறது என்றுதான் நம்பினேன்.

"அத்தனை பேரும் செத்தாங்க" என்றேன். "பின்வழி இல்லாததால செத்தாங்க. உங்க தளத்துலயும் ஒரு பின்கதவு பூட்டியிருக்கு."

விசில் மெதுவாகக் கையைத் தூக்கினான். "மேடம், ராஜா என்ன ஆனார்?"

"அவர் ஒரு படகை ஒளிச்சு வெச்சிருந்தார். தப்பிச்சுட்டார்."

"பிரமாதம்!" என்று கோட்டு கைதட்டிவிட்டார். சுதாரிப்பதில் மனிதர் கில்லாடி. "பாத்தீங்களா? அதுதான் இரண்டாவது பாடம். தலைவன்கிட்ட எப்பவும் ஒரு மாற்று வழி இருக்கணும்!"

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பின்கதவுச் சாவி விசிலின் கழுத்தில் தொங்குகிறது. விசிலுக்குப் பக்கத்திலேயே.

(என்னை ஸ்லைடு தள்ளுவதிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்காக அழ மாட்டேன். ஆனால் ஆற்றில் போனவர்களைத் தாண்டிப் படகை மட்டும் பார்க்க அந்தக் கண்களுக்கு எங்கே கற்றுக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கு மேல் இந்த அடைப்புக்குறிக்குள் வேறொன்றும் எழுத

7

முடிவுகள்.

அ) இதுவரை படித்த தோழி சொன்னாள்: "தீ வைடீ. துணிக்கட்டுல பத்தினா போதும். கதவு பூட்டியிருக்கு, உள்ள அக்கா. படிக்கறவங்க கதறுவாங்க."

எழுதித்தான் பார்த்தேன். மூலையில் ஒரு மெஷினிலிருந்து பொறி

மாட்டேன். என் அக்காவை எரித்தால்தான் பூட்டு தப்பு என்று உங்களுக்குப் புரியுமா? அப்படியென்றால் உங்களுக்கும் கோட்டுவுக்கும் என்ன வித்தியாசம்? செத்த பிறகு பாடம் எடுத்துக்கொள்வீர்கள். அக்கா ஒரு ஸ்லைடாவாள். அடுத்த ஸ்லைடில் ஒரு பாடம் வரும்.

ஆ) தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு போடுவது. போட்டேன். நிஜமாகவே போட்டேன். அவர் வந்த அன்று கதவு அகலத் திறந்திருந்தது, கைப்பிடி பளபளவென்று துடைத்திருந்தது. அவர் போனதும் பூட்டு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

இ) அக்கா சுத்தியலால் பூட்டை உடைக்கிறாள், பெண்கள் எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதைப் படித்துக் காட்டினேன்.

"உடைச்சா எனக்கு வேலை போகும், உனக்குக் கதை கிடைக்கும்" என்றாள். "நல்ல பங்குதான்டி."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"நாங்க பேசிட்டிருக்கோம். ஒருத்தி மட்டும் எழுந்தா திமிருன்னுவான். மொத்த வரிசையும் மெஷினை நிறுத்தினா என்ன சொல்வான்னு பாக்கணும்." காலையில் கட்டிக்கொள்ளப் புடவையை மடித்து வைத்தாள். "இன்னும் பாதிப் பேர் பயப்படறாங்க. அவங்களை விட்டுட்டு எழுந்தா நாங்களும் உன் ராஜா மாதிரிதானே?"

அவள் சொன்னதை ஸ்லைடாக்க என் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

8

முடிவு தர மாட்டேன். நாளைக் காலை அக்கா அந்த முன்கதவு வழியாக உள்ளே போவாள். இதை எழுதி நிறுத்துகிற நேரத்தில் பின்கதவு பூட்டித்தான் இருக்கிறது.

நீங்கள் இதைப் படிக்கிற இடத்தில் இரண்டாவது வழி எங்கே இருக்கிறது? தலையைத் தூக்கிப் பாருங்கள். எழுந்து போய்த் தள்ளிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

திறந்தால், வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்குங்கள். பிறகு, உங்கள் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்சக் கதையை நீங்கள் சொல்லுங்கள்.