வலக்கைப் பிரேக்

முஜிபுர் ரஹ்மான் ஸ்பேனரைத் தேடித்தான் அந்த அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டார். கைக்கு வந்ததோ, மகளின் சைக்கிளிலிருந்து நேற்றுக் கழற்றிப் போட்ட பழைய இடக்கைப் பிரேக் பிடி. கேபிள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முழம்கூட இருக்காது.

இரண்டு முழக் கேபிள் பின்சக்கரத்துக்கு எட்டுமா? எட்டாது. அப்படியென்றால் அந்த வண்டிக்கு இடக்கைதான் முன் பிரேக்.

"யா அல்லாஹ்!" என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாலக்கரையில் முப்பது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிற மனிதர். அவர் கைபட்ட வண்டிக்கெல்லாம் வலக்கை முன்னால், இடக்கை பின்னால். தஸ்லிமாவின் பந்தய சைக்கிள் மட்டும் துபாயில் யாரோ ஓட்டி விற்றது. அதில் எல்லாம் தலைகீழ். மூன்று வருஷமாக அவள் அதிலேயே பழகியவள். நேற்று புதுப் பிடியும் சக்கரத்தைக் கவ்வுகிற புது காலிப்பரும் மாட்டும்போது புத்தி எங்கே மேயப் போனதோ, கை தன் பழக்கப்படி மாட்டிவிட்டது. ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். இரண்டும் கச்சிதமாகப் பிடித்தன. பிடிக்காமல் என்ன! வண்டி அப்படியே வேனில் ஏறிப் பந்தயத்துக்குப் போய்விட்டது.

"வேகத்துல பின் பிரேக்கத்தான் இழுக்கணும்" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் சாட்சாத் அவரேதான். திடுக்கிட்டால் அவள் வலக்கையைத்தான் இறுக்குவாள். இன்றைக்கு இறுக்கினால் முன்சக்கரம் நிற்கும், பெண் நிற்கமாட்டாள்.

மணி ஆறே முக்கால். முக்கொம்பில் ஏழு மணிக்குத் தொடக்கம். ஒவ்வொருவராகக் கிளம்பி, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர் வரை வந்து, ரோட்டில் வைத்த டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். ஸ்கூட்டரை எடுத்தார். காவேரிப் பாலத்தைத் தாண்டினார்.

மேலூரில் கொடியோடு நின்ற நல்லுசாமி பழைய வாடிக்கையாளர்.

"அட, பாயா! ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லையே நீங்க! உங்க பொண்ணு கிளம்பியாச்சு, இப்ப வந்துரும்."

நடுரோட்டில் நின்று கையை ஆட்டி நிறுத்தலாம் என்று இறங்கியவர், இரண்டடியில் நின்றுவிட்டார். நிறுத்தினால் பிரேக் போடுவாளே! அந்த வேகத்தில் திடுக்கிட்டுப் போட்டால் தீர்ந்தது. டிரம்முக்கு முன்னால் தானாக மெள்ளப் பிடித்தாளானால் கைக்கே தெரிந்துவிடும், சமாளித்துக்கொள்வாள். அவள் திடுக்கிடக் கூடாது, அவ்வளவுதான்.

நல்லுசாமியிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முப்பது வருஷ மெக்கானிக், தான் பெற்ற பெண்ணுக்கே பிரேக்கை மாற்றி மாட்டினான் என்று எந்த வாயால் சொல்வது?

"நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"மக ஓட்டுறதப் பாக்க இவ்ளோ வெட்கமா!" என்று நல்லுசாமி சிரித்தார்.

தூரத்தில் சிவப்புச் சட்டை தெரிந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். என்ன வேகம்! மெதுவா, என் கண்ணே, மெதுவாப் பிடி என்று அவர் உதடு முணுமுணுத்தது.

நல்லுசாமி நல்ல மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று. முஜிபுர் ரஹ்மானின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, "தஸ்லிமா! உங்க அத்தா வந்திருக்காரு பாரு!" என்று கத்தினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் வெளிறியதை அவர் கண்ணால் கண்டார். அவள் வலக்கை இறுகியது. பின்சக்கரம் மேலே எழும்பியது.

விழுந்த சத்தத்தில் நல்லுசாமியின் கொடி கீழே விழுந்தது. முஜிபுர் ரஹ்மான் செருப்பை எங்கே விட்டார் என்று தெரியவில்லை, ஓடினார். ஹெல்மெட் பிளந்திருந்தது. முழங்கை சதை தெரியக் கிழிந்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"அத்தா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. அம்மா வீட்ல நல்லா இருக்கா."

"அப்ப, ஒரு பந்தயத்துக்கும் வராத நீங்க இன்னைக்கு ஏன் வந்தீங்க?"

நல்லுசாமி பக்கத்தில்தான் நின்றார். அவர் கேட்கட்டும், ஊரே கேட்கட்டும். "பிரேக்க மாத்தி மாட்டிட்டேன்மா. நான்தான். என் கைதான்."

அது அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. ரத்தம் வழிகிற கையோடு சட்டையை இன்னும் இறுக்கினாள்.

"சத்தியமாச் சொல்லுங்கத்தா. அம்மா உசுரோட இருக்காங்கல்ல?"