முந்நூற்று அறுபத்திரண்டாவது புள்ளி

குணாளனைச் சீன மருத்துவக் கல்லூரியில் தேர்வுப் பொம்மையாக எடுத்துக்கொண்டு எட்டு நாள் ஆகியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை அவன் மனைவி தெய்வானை, அவனைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று ஈப்போவுக்கு பஸ் ஏறினாள்.

இருபத்தாறு வருஷம் லோரி ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். நாலு ஊசி குத்தினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அவன் மாட்டேன் என்றுதான் சொன்னான். பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தவள் இவள். அந்த உறுத்தல் வேறு வழியெல்லாம் அவளை அரித்துக்கொண்டே வந்தது.

வாசலில் மிஸ் ஊய் உட்கார்ந்திருந்தாள். பதிவாளர். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்தவளாம், தமிழ் சரளமாக வந்தது.

"வாங்கக்கா. முதல்ல இதக் குடிங்க."

செவந்திப்பூ ஊறிய வெந்நீர். கோப்பையைக் காலி செய்யாமல் அந்தக் கல்லூரியில் யாரோடும் பேச முடியாது. தெய்வானை மடமடவென்று குடித்தாள்.

"எங்க வீட்டுக்காரர கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அதெப்படிக்கா? எங்க வெண்கல மனுஷன் தொண்ணூறு வருஷம் வேல பாத்தாரு. போன மாசம் ஒழுக ஆரம்பிச்சிட்டாரு. உங்க வீட்டுக்காரர் வந்து படுத்தாரு பாருங்க, ஒரு அசைவு இல்ல. அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம் லா."

இடுப்பு வலியில் அசைய முடியாமல் கிடந்தவனைப் பற்றித்தான் இவ்வளவு புகழ்ச்சி. தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே தேர்வு நடக்கும் விதம் இது. வெண்கல மனுஷன் என்பது ஆளுயரப் பொம்மை; உடம்பில் முந்நூற்று அறுபத்தொரு துளைகள், ஊசி வைத்தியப் படத்தில் உள்ள புள்ளிக்கு ஒன்றாக. உள்ளே தண்ணீரை நிரப்பி, மேலே மெழுகைப் பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். மாணவர் ஊசியால் குத்த வேண்டும். சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வரும். தேர்ச்சி. வராவிட்டால் மறுபடியும் படிக்க வேண்டும்.

"தண்ணி வராம ரத்தம் வந்தா?" என்று கேட்டாள் தெய்வானை.

மிஸ் ஊய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். "ரத்தம் வந்தா அவர் இன்னும் மனுஷன்னு அர்த்தம். பொம்மைக்கு லாயக்கில்ல. வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"அப்ப நான் குத்துறேன். குடுங்க ஊசிய."

"மாணவர் மட்டும்தான் குத்தலாம்."

"சேத்துக்கோங்க என்னய."

சேர்த்துக்கொண்டார்கள். நாலு வருஷப் படிப்பு. இன்னொரு கோப்பை வெந்நீர் கொடுத்து, வரலாற்றுத் தாழ்வாரத்தின் வழியாக நடக்கச் சொன்னார்கள். தேர்வுக்கூடம் அந்தக் கோடியில் இருந்தது.

தாழ்வாரம் வாசலிலிருந்து பார்க்கையில் இருபது அடிதான் இருக்கும். நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் மருந்து இழுப்பறைகள். அவற்றுக்கு மேலே வருஷத்துக்கு ஒரு படம், எல்லாம் மாணவர் குழுப்படங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் வெண்கல மனுஷன் உட்கார்ந்திருந்தான். கல்லூரியின் ஐம்பதாம் வருஷப் படத்தில் அவன் மூக்கு குணாளன் மூக்காக இருந்தது. முப்பதாம் வருஷத்தில் காதும் அவன் காதுதான். தாழ்வாரத்தின் முடிவில், கல்லூரி தொடங்கிய அன்று எடுத்த படத்தில், கட்டம் போட்ட லோரிச் சட்டையோடு குணாளனே உட்கார்ந்திருந்தான்.

"அய்யய்யோ, இவர் அப்ப பொறக்கவே இல்லீங்களே!"

"இங்க எல்லாரும் ஆரம்பத்துல இருந்தே இருக்கிறவங்கதான்" என்றார் ஒரு கிழவர். கல்லூரி முதல்வர் சியூ அவர்தான். படத்திலும் அவர் இருந்தார், இதே பற்களோடு.

ஒரு கண்ணாடியைக் காட்டினார். தெய்வானையின் தலை முழுக்க நரைத்திருந்தது. நாலு வருஷப் படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி, இன்னொரு கோப்பை வெந்நீரும் ஓர் ஊசியும் கொடுத்தார்.

தேர்வுக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் கல்லூரியின் நோக்கம் எழுதியிருந்தது: 'படத்தில் இல்லாத ஒரு புள்ளியைக் கண்டடைவது.' தொண்ணூறு வருஷமாக யாரும் கண்டடையவில்லை.

குணாளன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்துவரை மெழுகு.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேங்க. வலிக்குதா?"

"இடுப்பு வலி சுத்தமா இல்ல. பசியும் இல்ல." கொஞ்சம் யோசித்தான். "லோரி சாவி எங்க வெச்சேன்னுதான் ஞாபகம் வரல."

அழக் கூடாது என்று தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு சொட்டு இரத்தம். அதற்குப் புள்ளியே இல்லாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. கல்யாணமான வருஷம் தேங்காய் வெட்டும்போது கத்தி நழுவி, அவன் இடது கட்டைவிரல் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. மூன்று துணி நனைந்தும் இரத்தம் நிற்கவில்லை. கட்டுப் போட்டவள் இவள். அந்தத் தழும்பு எந்தச் சீன வைத்தியர் வரைந்த படத்திலும் இருக்க முடியாது.

மெழுகின் மேல் விரலை வைத்துத் தடவினாள். தழும்பு தட்டுப்பட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிக் குத்தினாள்.

ஊசியை எடுத்தாள். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு வந்தது. பிறகு நூலாக வழிந்தது. தெளிந்த தண்ணீர். செவந்திப்பூ வாசனை.

சியூ குனிந்து பார்த்தார். சுவரில் தொங்கிய புள்ளிப் படத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"முந்நூத்தி அறுபத்திரெண்டு!" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் புள்ளிக்குத் தெய்வானை என்று பெயர் வைத்தார்கள். மிஸ் ஊய் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். கல்லூரியின் நோக்கம் நிறைவேறிவிட்டது.

"வேற எங்கயாச்சும் குத்திப் பாக்கிறேன். இன்னொரு தடவ விடுங்க. ரத்தம் இருக்கு, நான் பாத்திருக்கேன், மூணு துணி நனஞ்சுதுங்க!"

"நீங்க பாஸ்க்கா. பாஸ் ஆனவங்க மறுபடி குத்த முடியாது."

தெய்வானை குணாளனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

"ஏங்க, என்னப் பாருங்க. நான் யாரு?"

அவன் மரியாதையாக அவளைப் பார்த்தான். "புதுசா சேந்திருக்கீங்களா?" என்றான்.

சியூ கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரருகே போனார். பழைய நோக்கத்தை ஈரத் துணியால் அழித்தார். புதிதாக எழுதினார்: 'இன்னொரு புள்ளியைக் கண்டடைவது.'

"அதுக்கு இன்னொரு ஆள் வேணுமே" என்றார் மிஸ் ஊயிடம்.

குழுப்படம் எடுக்க எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நடுவில், குணாளன் பக்கத்தில், தெய்வானைக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அவள் அதில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி உதட்டுக்கு வந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

உப்பே இல்லை. செவந்திப்பூ வாசனை அடித்தது.

மிஸ் ஊய் மெழுகுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.

"அசையாம இருங்கக்கா" என்றாள்.

தெய்வானை அசையவில்லை.