கண்ணாடிக்குள் ஒரு விரல்

பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற மனுஷன் அந்தச் சலூன்காரர். நாற்காலியில் உட்கார்ந்தவர் லேசாகத் தலையை அசைத்தால் போதும், "ஆடாம இருங்க சார், அப்புறம் காது போச்சுன்னு எங்கிட்ட வராதீங்க" என்று சீறுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் மனைவிக்காகத்தான். பக்கவாதத்தில் அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் வந்து, "ஒரு விரலையாவது தூக்குங்கம்மா" என்று கெஞ்சுவாள். இவளோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "தூக்கி என்ன பண்ண? விரல் நீட்டி அதிகாரம் பண்ண எனக்கென்ன மருமகளா இருக்கா?"

கிளி வளர்க்க வேண்டுமென்று முப்பது வருஷமாகக் கேட்டவள் அவள். "இருக்கிற முடியைப் பெருக்கவே நேரமில்ல, இதுல இறகு வேறயா" என்று முப்பது வருஷமாகத் தட்டிக்கழித்தவர் இவர். அந்த உறுத்தல்தான் ஒருநாள் கட்டிலோரத்தில் அவரைப் பேச வைத்தது.

"குட்டிக் கிளி ஒண்ணு வாங்கப் போறேன். பட்ஜின்னு சொல்றாங்க. நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள விரல்ல உட்காரப் பழக்கிடுவேன். ஆனா நீ விரலை நீட்டினாத்தான் அது உட்காரும். பாத்துக்க."

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தபோது, மனைவி தானே இடது கையால் வலது கையைத் தூக்கி அவள் முன்னால் வைத்தாள்.

கிளி வந்தது. பச்சை உடம்பு, நெற்றி முழுக்கக் கோடு, பயந்த கண்கள். "மூணு நாள் கிட்டவே போகாதீங்க. கையால பிடிக்கவே பிடிக்காதீங்க, அதுவா வரணும். வெளிய விடும்போது கண்ணாடியெல்லாம் மூடிடுங்க. அது கண்ணாடின்னு அதுக்குத் தெரியாது, பாயும்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். சலூனிலோ இரண்டு சுவரும் கண்ணாடி. வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணிகளைக் கவ்வி மாட்டி அவற்றின்மேல் தொங்கவிட ஏற்பாடு செய்தார்.

முதல் மூன்று நாள் கிளி மூலையில் பந்தாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெஷின் சத்தத்துக்கு நடுங்குகிறதென்று மூன்று நாளும் கத்தரியாலேயே ஒப்பேற்றினார். வழக்கமாக வருகிற லாரி டிரைவருக்குக் கிளி தனியாக இருப்பது பொறுக்கவில்லை.

"லவ் பேர்ட்ஸ்னா ஜோடியாத்தான் வாங்கணும்ணே. தனியா விட்டா ஏங்கிப்போயிடும்."

"என் ஜோடியும்தான் ஆஸ்பத்திரியில கிடக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை. நீ தலையைக் குனி."

நாலாம் நாளிலிருந்து, மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கையைக் கூண்டுக்குள் வைத்தார். கொத்து வாங்கினார். விரல்மேல் தினைக்கதிரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இருபதாம் நாள் ஒரு குட்டிக் கால் அவர் விரலில் ஏறியது. அந்தச் சூடு பட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கூண்டைத் திறந்து, விரலை நீட்டி, "வாம்மா" என்றால் போதும், நேராகப் பறந்து வந்து உட்காரும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேதிப் பரிமாற்றம். "இன்னைக்குக் கடைக்கோடியிலேருந்தே பறந்து வந்துச்சு" என்பார் இவர். "என் விரல் ரெண்டு நிமிஷம் நின்னுச்சுங்க" என்பாள் அவள்.

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் கண்ணாடிகளை மூடுகிற அந்தத் துணிகளை அவர் சரியாகப் பார்த்தார். பழுப்பேறிக் கிடந்தன. துணி துவைப்பது எப்போதும் அவள் வேலை. வந்ததும் கண் முதலில் அங்கேதான் போகும், 'நான் இல்லன்னா பாருங்க லட்சணத்தை' என்பாள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று ஒன்று விடாமல் துவைத்து மாடியில் காயப்போட்டார்.

மதியம் கடையைச் சாத்தினார். கிளி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. கண்ணாடிகளை மூடத் துணி இல்லை என்று தெரியத்தான் செய்தது. ஆனால் அது விரலுக்குத்தானே வரும், வேறெங்கே போகப்போகிறது? இன்றைக்கு ஒருநாள்தானே. கதவைத் திறந்து விரலை நீட்டினார்.

"வாம்மா."

பாவி மனுஷன், எதிர்க் கண்ணாடியிலும் அதே விரல் நீண்டிருப்பதைப் பார்க்கவில்லை. கிளி பார்த்தது. அந்த விரலுக்குப் பறந்தது.

'டொக்' என்று ஒரு சத்தம். சீப்புகளுக்கு நடுவே விழுந்தது. பிடிக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட உடம்பை அன்றுதான் முதல்தடவையாக முழுசாகக் கைக்குள் எடுத்தார். சூடு இருந்தது. கழுத்து நிற்கவில்லை. "ஐயோ, நானே கூப்பிட்டேனே" என்று வாய்விட்டு அழுதார்.

மறுநாள் சக்கர நாற்காலியில் அவளைச் சலூனுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு சுவரிலும் சலவைத் துணிகள் தொங்கின. இனி எதற்கு என்று தெரிந்தும் இரவே மாட்டிவைத்திருந்தார்.

"பரவாயில்லையே! நான் துவைச்சாக்கூட இவ்வளவு வெள்ளை வராது" என்றாள் அவள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கையை மடியிலிருந்து உயர்த்தினாள். ஆள்காட்டி விரல் மெல்ல நீண்டு நின்றது. "எங்க, வரச் சொல்லுங்க."

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார், துணி துவைத்தது உட்பட. சொல்லி முடித்த பிறகும் அவள் விரல் அப்படியே நீண்டிருந்தது.

"கையை இறக்கும்மா, வலிக்கும்."

"இறக்க வரலைங்க" என்றாள், கண்ணில் நீர் வழிய. "தூக்க மட்டுந்தான் பழகினேன்."

அவர் அந்த விரலைத் தன் கைக்குள் பொத்தி, ஒவ்வொரு கணுவாக மடக்கிவிட்டார்.