சொல்லுக்கு ஓர் ஆள்

ஆங்கிலச் சொற்களை மறக்காமலிருக்க லோஷினி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கெட்டிக்காரத்தனமான வழிதான், கொஞ்சம் கெட்ட புத்தியும் கலந்தது. கெட்ட புத்தி கலந்திருந்ததால்தான் பலித்தது என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்கப் போகிறவர்களுக்கு ஜி.ஆர்.இ. என்றொரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் கேட்கிற சொற்களை எந்த வெள்ளைக்காரனும் தன் பெண்டாட்டியிடம் பேசியிருக்க மாட்டான். ஆனால் அந்தக் கண்டத்தைத் தாண்டாமல் உள்ளே விட மாட்டார்கள். லோஷினி சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே இருக்கும் செனாய் என்ற ஊரில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் கைபிடித்து வேலை கற்றுக்கொண்டவர்கள் மேல்படிப்பு என்ற ஒரே காரணத்தால் அவளுக்கு மேலே போய் உட்கார்ந்து, அவளிடமே அறிக்கை கேட்டார்கள். வயிறு எரியாதா? எரிந்தது. அந்த எரிச்சலில்தான் புத்தகத்தை வாங்கினாள்.

வாங்கினாளே ஒழிய, ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. காலையில் ஏறிய சொல் மத்தியானச் சோற்றோடு இறங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே படிக்கும்போது ‘கேருலஸ்’ என்று ஒன்று வந்தது. நிறுத்தாமல் வளவளவென்று பேசுகிறவர் என்று அர்த்தம். “நம்ம கோயில் செயலாளர் மாதிரி” என்று தன்னையறியாமல் சொன்னாள். பக்கத்தில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ரூபேந்திரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மறுநாள் அந்தச் சொல் மறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து சொல்லுக்கு ஓர் ஆள். தெரிந்தவர், உறவுக்காரர், யாராவது ஒருவரைப் பிடித்து அந்தச் சொல்லில் மாட்டிவிடுவது. ரூபேந்திரன் தினமும் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். மனைவியின் பரீட்சையை அதுவரை அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இந்த விளையாட்டு ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமையானால் அவனே வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு யாரப் போடலாம்?” என்பான். சொந்தக்காரர்களின் குறையை எடுத்துக் கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சொல், அர்த்தம், ஆள், காரணம் என்று ஒவ்வொன்றையும் லோஷினி கைப்பேசியில் தன் குரலில் பதிந்துகொள்வாள். தினமும் வேலைக்குப் போகும்போது காரில் அதைப் போட்டுக் கேட்பாள்.

ஒரு சொல்லை மட்டும் அவன் தன் வாயாலேயே பதிந்தான். ‘ஹிஸ்ட்ரியோனிக்’. இல்லாத உணர்ச்சியை மேடை போட்டு நடித்துக் காட்டுவது. சொல்லை லோஷினி சொல்லி முடித்ததும், கைப்பேசியை வாங்கிக்கொண்டான். “எங்கப்பா செத்தன்னிக்கு எங்கம்மா. உசுரோட இருந்த வரைக்கும் அந்த மனுசன்கிட்ட மொகங்கொடுத்துப் பேசுனதில்ல. பெட்டிய மூடுறப்ப விழுந்து பொரண்டாங்க பாரு, அலமாக், சினிமா தோத்துச்சு.”

லோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. “அழிச்சிடுங்க, பாவம்” என்றாள்.

“இருக்கட்டும்லா. இது மட்டும் ஒனக்கு மறக்கவே மறக்காது.”

அவள் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

அந்த அம்மாதான் செல்லம். தோட்டத்தில் இருந்த காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் ஊரார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். இப்போது மகன் வீட்டில் இருந்துகொண்டு பேத்தி மலரை வளர்க்கிறாள். வாயில் எந்நேரமும் ஒரு குறை இருக்கும். சோறு குழைந்தால் குறை, விறைத்தால் குறை. ஆனாலும் லோஷினி அமெரிக்கா என்று வாயெடுத்ததும், வேறு யாரும் சொல்லாததை அவள்தான் சொன்னாள். “ரெண்டு வருசந்தானே. போயிட்டு வா. புள்ளைய நான் பாத்துக்கறேன்.” ரூபேந்திரன் அதற்கப்புறம், “அம்மா சரின்னா எனக்கும் சரி” என்றான். லோஷினியின் மேல்படிப்பு மொத்தமும் அந்தக் கிழவியின் இடுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. அது லோஷினிக்கும் தெரியும்.

காஹாங்கில் அவர்களுடைய பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. மெர்சிங்கில் கட்டிக்கொடுத்த ரூபேந்திரனின் தங்கை ஷர்மினி, முதல் நாளே அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். அவள் புருஷன் லோகேஸ்வரன் மெர்சிங்கிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. லோஷினியின் காரில் எல்லோரும் கிளம்பினார்கள். ரூபேந்திரன் ஓட்டினான், பக்கத்தில் லோஷினி. பின்னால் ஷர்மினியும் செல்லமும், நடுவில் மலரும், செல்லத்தின் மடியில் புளிச்சோற்றுப் பாத்திரமும்.

குளுவாங் தாண்டியதும் லோஷினியின் கைப்பேசி அடித்தது. லோகேஸ்வரன். பேச்சு கார் ஒலிபெருக்கியிலேயே கேட்டது. பால்குடத்துக்குப் பால் வாங்கிவிட்டீர்களா, இல்லையென்றால் எனக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அழைப்பு முடிந்ததும் கார் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தினமும் காலையில் எதைப் பாடுமோ அதை விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது.

“பார்சிமோனியஸ். மகா கஞ்சம். லோகேஸ்வரன் அண்ணன். மூணு பேருக்கு ரெண்டு ரொட்டி சானாய் வாங்கிட்டு, கொழம்ப மட்டும் மூணு தடவ கேட்டு வாங்குவாரு.”

லோஷினியின் குரல், கணீரென்று. பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நிறுத்துவதற்குப் பதில் அடுத்ததற்குத் தாண்டிவிட்டது.

“குவெருலஸ். எப்பப் பாத்தாலும் கொற சொல்லிப் பொலம்புறது. நம்ம அத்தை. அவங்க வாய மூடுறது சாமி கும்பிடறப்ப மட்டுந்தான். அப்பவும் சாமிகிட்ட என்னப் பத்திதான் கொற சொல்லிக்கிட்டு இருப்பாங்க.” பதிவின் கடைசியில், அவள் குரலுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.

“ஹிஸ்ட்ரியோனிக்” என்று அடுத்தது தொடங்கியது. லோஷினி ஒலிபெருக்கியையே அணைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவன் குரல் வந்திருக்கும். பெற்ற மகன் தன்னைப் பற்றிச் சொன்னதை அந்த அம்மா கேட்டிருப்பாள். அதைக் கேட்க விடக்கூடாது என்றுதான் லோஷினியின் கை அவ்வளவு வேகமாகப் போனது.

மலர், “அம்மா, பாட்டி கத இன்னொரு தடவ போடு” என்றாள்.

ஷர்மினிக்கு முகம் சிவந்துவிட்டது. “அண்ணே, இதெல்லாம் ஒனக்குத் தெரியுமா?”

இப்போது சொல்வான் என்று லோஷினி நினைத்தாள். சிரித்துக்கொண்டே, “ஏ, நானுந்தான் சேந்து பேசுனேன், சும்மா வெளயாட்டுக்கு” என்று ஒரு வார்த்தை. அது போதும், பாதி பாரம் இறங்கியிருக்கும். ரூபேந்திரன் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடுகிற சாலையை, அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

“எனக்கென்ன தெரியும்? வாரம் பூரா சிங்கப்பூர்ல கெடக்கறேன். இவ என்னத்தையோ படிக்கறா.”

லோஷினி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. மெச்சத்தான் வேண்டும், குரலில் ஒரு பிசிறு இல்லை.

கோயிலில் அன்னதானத்துக்கு இலை போடுவதற்கு முன்பே சங்கதி பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. லோகேஸ்வரன் பால் காசை லோஷினி கையில் திணித்துவிட்டு, “கஞ்சன் குடுத்தான்னு எழுதி வச்சுக்கம்மா” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வழக்கமாக உப்பில்லை, உறைப்பில்லை என்று ஆயிரம் சொல்கிற செல்லம் அன்றைக்குப் பரிமாறியதை அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும்தான் வாயைத் திறந்தாள்.

“மலர என்னால பாத்துக்க முடியாது. பொலம்புற கெழவிகிட்ட புள்ளைய விட்டுட்டு அவ்ளோ தூரம் போவாதே.”

லோஷினி கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். தீபாவளிக்குக் காலில் விழுந்து கேட்டாள். செல்லம் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள், “நல்லாயிரு” என்றாள். பிள்ளை விஷயத்தில் மட்டும் மசியவில்லை.

ரூபேந்திரனிடம் தனியாகக் கேட்டாள். “பாதி ஆளச் சொன்னதே நீங்கதானே. ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“நான் சொன்னா அவங்க தாங்குவாங்களா? பிரஷர் இருக்கு அவங்களுக்கு. நீ ஏன் ரெக்கார்ட் பண்ணே? அடுத்த வருசம் பாத்துக்கலாம்லா.”

அவனைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டான்.

ஆனாலும் லோஷினி தேர்வை எழுதினாள். கோலாலம்பூரில் ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது, சொற்கள் ஒவ்வொன்றும் தத்தம் ஆளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தன. பாதிக்கு மேல் இப்போது அவளோடு சரியாகப் பேசாத முகங்கள். அவர்கள் புண்ணியத்தில் நல்ல மதிப்பெண் வந்தது. கொஞ்ச மாதத்தில் இடமும் கிடைத்தது, உதவித்தொகையோடு. மலரையும் கூட்டிக்கொண்டு போகலாமென்றால் அந்தத் தொகை ஒருத்திக்குத்தான் சோறு போடும். பல்கலைக்கழகம் பதிலைக் கேட்டு இரண்டாம் முறையும் எழுதிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் கார் கழுவக் கொண்டு போயிருந்தான். செல்லம் சமையலறையில் தரையில் தாள் விரித்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். லோஷினி எதிரில் போய் உட்கார்ந்தாள். ரூபேந்திரன் தன் வாயால் பதிந்த அந்தப் பதிவைக் கைப்பேசியில் தேடி வைத்திருந்தாள். ஒரு வாரமாக மனதுக்குள் போட்டுப் புரட்டிப் பார்த்தாயிற்று. இதைக் கேட்டால் கிழவி உடைந்து போவாள். போகட்டும். நான் மட்டும் ஏன் உடைய வேண்டும்?

“அத்தை, அன்னிக்கு நான் மட்டும் பேசல. இதக் கேளுங்க.”

செல்லம் தலை நிமிரவில்லை. “வேணாம்.”

“ஒரு நிமிசந்தான் அத்தை.”

“வேணாங்கறேன்ல. அன்னிக்குக் காடியில போறப்பவே கேட்டுச்சு. ஒன் கொரலுக்குப் பின்னால சிரிச்சது யாருன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?”

அவ்வளவு நாளாகப் பொத்திப் பொத்தி வைத்தது யாரிடமிருந்து?

“தெரிஞ்சுமா? தெரிஞ்சுக்கிட்டேவா என்கிட்ட மட்டும் கோவிச்சுக்கிட்டு இருக்கீங்க?”

செல்லம் இன்னொரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள். குரலில் கோபம் இல்லை. புலம்பலும் இல்லை.

“அவன்கிட்ட கோவிச்சுக்கிட்டா நான் எங்க போயி இருக்கறது? மெர்சிங்ல மாப்பிள வீட்டுலயா? ஒங்கிட்ட கோவிச்சுக்கிட்டா, இங்கேயே இருந்துக்கிட்டு கோவிச்சுக்கலாம்.”

லோஷினி தாளின் ஓரத்தைத் தன் பக்கம் இழுத்து, அவளும் நெத்திலித் தலைகளைக் கிள்ளத் தொடங்கினாள். மலர் எழுந்து அழுவதற்குள் தலைகள் ஒரு குவியலாகிவிட்டன. அழுகை கேட்டதும் செல்லம்தான் எழுந்து போனாள். லோஷினி கையைக் கழுவிவிட்டு, வர இயலாது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் ரூபேந்திரன் கழுவிய காரோடு வந்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கேட்டான்.

“அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?”

“ஒங்க மேல இல்ல” என்றாள் லோஷினி.

“அப்பாடா” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் குளிக்கப் போனான்.