கொழும்புக்குப் போன சாம்பிள்

ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனை ஜன்னலுக்கு முன்னால் ஜீவராணி வந்து நின்றது இது மூன்றாவது தடவை. வயிற்றில் நாலு மாதம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இரண்டு மைல் இறங்கி, ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். கால் கடுத்தது. எந்தக் கால் என்று பயத்தோடு பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு வீக்கம் இடது காலில்தான் தொடங்கியது.

அக்கா பிரேமினி பிள்ளை பெற்ற பத்தாம் நாள் செத்துப்போனாள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். அதைக் கேட்டதும் கிளினிக் டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது பரம்பரையா வாறதா இருக்கலாம். ஒங்க ரத்தத்தக் கொழும்புக்கு அனுப்பி ஜீன் டெஸ்ட் செய்யணும். இருந்தா, பிள்ள பொறந்த பொறகும் கொஞ்ச நாளைக்கு, தெனம் ஊசி போடணும்."

துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன். நல்லவர்கள் எங்கே நிலைக்கிறார்கள், அடுத்த வாரமே மாற்றலாகிப் போய்விட்டார்.

ஜன்னலுக்குள் இருந்தவர் துண்டைத் திருப்பித் தள்ளினார். "அக்காவுக்கு என்ன நோய்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த டயக்னோசிஸ் காட் இல்லாம கொழும்புல எடுக்க மாட்டாங்க. எத்தன தரம் சொல்றது?"

"காட் இல்லைங்க ஐயா. பழைய பைல் இருக்குற ரூம்ல கேட்டேன். நம்பர் கேக்குறாங்க."

"அப்ப நம்பரக் குடுங்க."

"நம்பர் காட்லதாங்க இருக்கு."

அவர் அவளுக்குப் பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டார்.

காட் எங்கே இருக்கிறது என்று ஜீவராணிக்குத் தெரியும். சவப்பெட்டியை மூடுமுன் அம்மா மீனம்மா காட், மாத்திரை, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் சீலைத்துணியில் சுற்றி அக்காவின் காலடியில் வைத்தாள். சீக்கு அவளோடு போகட்டும், சின்னவளைத் தொடக்கூடாது என்று. அவர்கள் லயத்தில் எல்லாரும் செய்வதுதான். அந்தத் துணிக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்ததே ஜீவராணிதான். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் தோட்டத்தில் இறங்கியவள் லயத்துக்குப் போகாமல் நேரே தேயிலை பெக்டரிக்குப் போனாள். புருஷன் கஜேந்திரன் வாசலில் உட்கார்ந்து தேயிலைச் சாம்பிள் பொதிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா சொன்னாங்க ராணி?"

"செத்தவளச் சாச்சிக்குக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க. வேற என்னா?"

"வெளியில காசு குடுத்துச் செஞ்சா?"

"அது நம்மளால ஆகிற காரியமாங்க?"

கஜேந்திரன் அடுத்த லேபலை எடுத்தான். தோட்டத்தின் பேர், தரம், தேதி, நம்பர் எல்லாம் லேபலில் அச்சாக இருந்தது. ஒன்று கோணலாகிவிட்டது. பின்னால் நின்ற பெக்டரி ஐயா, "உரிச்சிட்டு வேற ஒட்டு. கொழும்புக்குப் போறது" என்றார்.

"இது எந்த மலைக் கொழுந்துங்க?" என்று அவள் புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீ திங்கக்கெழம எடுத்ததுதான். காலையில கொழும்புல ஊத்திக் குடிச்சுப் பாத்துருவாங்க."

பொதிகளைப் பெட்டியில் அடுக்கி, நசுங்காமலிருக்க இடையில் கடதாசி திணித்து, வேனில் ஏற்றினார்கள். வேன் வளைவில் மறையும்வரை ஜீவராணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, இடது கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.