கல்யாணக் கடிகாரம்

பல் டாக்டர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் எதைத் திறந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிற புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. அன்று காலை ஏலக்கூடத்தில், லாட் நாற்பத்தொன்று என்று எண்ணிட்ட தங்கக் கடிகாரத்தின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தபோதும் அந்தப் புத்திதான் வேலை செய்தது. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்தார். ஓட்டை இருந்தது. அதை யாரோ சுத்தமாக அடைத்தும் இருந்தார்கள். அடைத்திருந்த நேர்த்தியைப் பார்த்ததும் லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

கூட்டின் தங்கம் சற்றுச் சிவந்த தங்கம். ஓட்டையை அடைத்திருந்ததோ வெளிறிய தங்கம். நகைக்கடையில் அது கிடைக்காது. கடைவாய்ப் பல் சொத்தையானால் அதில் வைத்து அழுத்துகிற தங்கம் அது. அழுத்தியவர் யார் என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"என்ன அத்தான், மூச்சே விடாம பாக்கறீங்க? அவ்வளவு அழகா?" என்று தோளுக்குப் பின்னால் இருந்து கேட்டான் மைத்துனன்.

மைத்துனன் என்றால் டாக்டர் மனைவியின் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே அனுப்புகிறவன் நான்தான் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வான். சட்டைப்பைக் கடிகாரப் பைத்தியம் அவனுக்கு டாக்டரிடமிருந்து தொற்றியது. டாக்டர் தங்கமாகச் சேர்த்தார். அவன் கைக்கு எட்டியது வெள்ளிதான். பதினைந்து வருஷத்தில் ஆறு கடிகாரம். எல்லாமே பழைய சாமான் கடைகளில் தகர டப்பாவில் செத்துக் கிடந்தவை. ஒவ்வொன்றையும் அவனே பிரித்து, கழுவி, உயிர் கொடுத்து ஓட விட்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வேறு. ஒன்று சோம்பேறி, ஒன்று மாமியார், ஒன்று வாயாடி.

தங்கத்தில் ஒன்றே ஒன்றாவது வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இந்த ஏலத்தின் பட்டியலில் லாட் நாற்பத்தொன்றின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடும் மெஷினும் ஒரே எண், நூற்றிருபது வருஷமாகப் பிரியாதவை என்று பட்டியல் சொன்னது. அதை வாங்குவதற்காகத் தன்னுடைய ஆறையும் இதே ஏலத்தில் விற்கக் கொடுத்துவிட்டான். ஆறும் முதலில் வரும், லாட் மூன்றிலிருந்து எட்டு வரை. அதற்கப்புறம்தான் நாற்பத்தொன்று.

கடிகாரம் சேர்ப்பவர்களுக்குள் ஒரு கேலிச் சொல் உண்டு. கூடு ஒரு கடிகாரத்தினுடையது, உள்ளே ஓடுகிற மெஷின் இன்னொன்றினுடையது என்றால் அதைக் கல்யாணக் கடிகாரம் என்பார்கள். இரண்டும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. யாரோ சேர்த்து வைத்ததால் ஒரே கூட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. மனிதர்கள் இப்படிச் செய்தால் அட்சதை போட்டு வாழ்த்துவோம். கடிகாரத்தில் இது மானம் போகிற விஷயம். அப்படிப்பட்டதை அசல் என்று விற்றவன் அந்தக் கூட்டத்தில் மறுபடி தலை காட்ட முடியாது.

இருபது வருஷத்துக்கு முன்னால், கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத ஒரு மத்தியானம், டாக்டர் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தார். அவரிடம் அப்போது ஒரு பேர்போன தங்கக் கடிகாரம் இருந்தது. கூடு தேவலோகத்துக் கூடு. உள்ளே மெஷின் துருப்பிடித்துப் போயிருந்தது. அதற்கு வைப்பதற்காகவே இன்னொரு தங்கக் கடிகாரத்தை வாங்கி, அதன் நல்ல மெஷினை உருவி எடுத்துக்கொண்டார். உருவியதால் காலியான கூட்டில் அதே கம்பெனியின் சாதாரண ரக மெஷின் ஒன்றைப் பொருத்தினார். அதன் திருகாணி வேறு இடத்தில் உட்கார்ந்ததால் பழைய துளை பல்லிளித்தது. அதைப் பல்லை அடைப்பது போலவே அடைத்து மெருகேற்றினார். பல் குடைகிற ஊசியால் மெஷினில் கூட்டின் வரிசை எண்ணையே பொறித்தார். பிறகு அசல் என்று சொல்லி வெளியூர் வியாபாரி ஒருவரிடம் தள்ளிவிட்டார். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. சொத்தைப் பல்லை மாற்றுவதுபோலத்தானே, இதில் என்ன பாவம் என்று அன்றைக்குத் தன்னையே சமாதானமும் செய்துகொண்டார்.

நல்ல மெஷின் போன இடத்தில் அமோகமாக வாழ்ந்தது. அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் அவர் கடிகாரம் சேர்ப்பவர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். வருஷா வருஷம் கண்காட்சியில் நடு மேசை அதற்குத்தான். சங்கம் போடப்போகிற புத்தகத்தின் அட்டையிலும் அதன் படம்தான். டாக்டர் அசல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை. இன்றைக்கு இந்த அடைப்பைப் பற்றி வாய் திறந்தால், இந்தக் கூட்டின் அசல் மெஷின் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் நடு மேசையும் போச்சு, பேரும் போச்சு.

"அசல்தானே அத்தான்?" என்றான் மைத்துனன். குரல் கெஞ்சலாக இருந்தது.

டாக்டர் மூடியைச் சாத்தினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை 'ஆ' காட்டச் சொன்ன மனுஷன், தன் வாயைத் திறக்க வேண்டிய ஒரே ஒரு சமயத்தில் பாதி திறந்து மூடிக்கொண்டார். 'நல்லாத்தான் இருக்கு' என்பது பொய்யில்லை என்று அவர் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். கேட்டவன் காதில் அது சத்தியமாக விழுந்தது என்பதுதான் விஷயம்.

"அத்தான் பாத்துட்டாருக்கா! நல்லா இருக்காம்!" மைத்துனன் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினான். டாக்டரின் மனைவி கையை ஆட்டிச் சிரித்தாள். அவளுக்குக் கடிகாரம் என்றால் மணி பார்ப்பதற்கு. மற்றபடி தம்பி சந்தோஷப்பட்டால் அவளுக்கும் சந்தோஷம்.

ஏலக்கூடத்துக் குமாஸ்தா ஒருவர் கையில் தாளோடு வந்தார். "சார், உங்க ஆறு கடிகாரமும் ஆரம்பத்துலேயே வருது. விக்க வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. சுத்தியல் விழுந்துட்டா அப்புறம் எங்க கையிலயும் இல்ல."

மைத்துனன் தாளைப் பார்த்தான், பிறகு டாக்டரைப் பார்த்தான். "என்ன அத்தான், வித்துடலாமா? வாயாடிய நெனச்சாதான் ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

கடவுளே வந்து கதவைத் திறந்து வைத்த மாதிரி ஒரு நிமிஷம் அது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் அவன் காரணம் கேட்காமல் விடமாட்டான், கேட்டால் அத்தனையும் வெளியே வரும் என்று டாக்டர் கணக்குப் போட்டார்.

"உன் இஷ்டம் மச்சான்" என்றார்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

கூடத்தில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மைத்துனன். ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சோம்பேறி இரண்டு நிமிஷத்தில் போயிற்று. மாமியாருக்குப் போட்டி அதிகம். "எத்தனை பேருக்கு மாமியார் வேணும்னு பாருங்க" என்று மைத்துனன் காதருகில் சொல்லிச் சிரித்தான். டாக்டரும் சிரித்து வைத்தார். உள்ளே கிடந்து துடித்தார். அடுத்தது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அடுத்தது போயிற்று. தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு போயிருந்தன.

கடைசியாக வாயாடி. அது ஓடுகிற சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். ஏலக்காரர் அதைத் தூக்கிக் காட்டியபோது மைத்துனன் பேச்சை நிறுத்திவிட்டான். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்." சுத்தியல் விழுந்தது. அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போகட்டும். நல்ல எடத்துக்குப் போயிருக்கும்" என்றான். அக்கா அவன் முதுகைத் தடவினாள். டாக்டருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று வந்தது. முன்வரிசையில் ஒரு தடித்த மனிதர் மைத்துனனோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தலையை ஆட்டி எண் அட்டையை மடியில் போட்டுவிட்டார். வேறு யாரும் இல்லை. மைத்துனனின் கை காற்றில் அப்படியே நின்றது.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். "ரெண்டு தரம்..."

டாக்டர் தன் அட்டையைத் தூக்கினார்.

அவனைக் காப்பாற்றத் தூக்கினாரா, வாங்கிக்கொண்டுபோய் யார் கண்ணிலும் படாமல் பூட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தூக்கினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை தூக்கிவிட்டது, அவ்வளவுதான். ஏலக்காரர் புருவத்தை உயர்த்தினார். மைத்துனன் யார் அந்தப் போட்டியாளர் என்று கூடமெங்கும் திரும்பித் திரும்பித் தேடினான். கடைசியில்தான் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம் கழித்துத் தன் அட்டையைக் கீழே இறக்கி, குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணு தரம்!"

கடிகாரத்தை வாங்குகிற ஜன்னலுக்கு முன்னால் டாக்டரின் மனைவி பொரிந்து தள்ளினாள். "உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? இருக்கறதெல்லாம் வித்துட்டு வந்து உக்காந்திருக்கான். அவன் வாயில போறத தட்டிப் பறிக்கறீங்களே! வீட்டுல இல்லாத கடிகாரமா?"

"விடுக்கா" என்றான் மைத்துனன். சிரிக்கப் பார்த்தான். "அத்தானுக்கே கை நிக்கலைன்னா அது எவ்வளவு ஒசத்தியான பொருளா இருக்கணும்! என்கிட்ட கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன். பரவாயில்ல அத்தான், எனக்கு என்ன, அடுத்த ஏலத்துல வேற ஒண்ணு வராமலா போகும்? நீங்களே பாத்து இதுதான்னு கை காட்டுங்க. நீங்க சொன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்."

இதைத் தாங்க டாக்டரால் முடியவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பார். ஜன்னல் வழியாக வந்த பெட்டியைத் திறந்து, கடிகாரத்தின் பின்மூடியை நெம்பி, லென்ஸை அவன் கையில் கொடுத்தார்.

"மச்சான், இது கல்யாணக் கடிகாரம்."

"யாரு கல்யாணத்துக்குக் குடுத்தது?" என்றாள் மனைவி ஒன்றும் புரியாமல்.

மைத்துனன் லென்ஸை வைத்துக் குனிந்தான். நன்றாகவே கற்றுக்கொண்டவன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். வெளிறிய புள்ளியைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "இது என்ன தங்கம்?" என்று முணுமுணுத்தான். நிமிர்ந்து டாக்டரின் விரல்களைப் பார்த்தான்.

"நீங்களா?"

"நான்தான். இருபது வருஷம் ஆச்சு. நல்ல மெஷின் என்னோடதுல இருக்கு. அந்த நடு மேசைக் கடிகாரத்துல." சொல்ல ஆரம்பித்த பிறகு சொற்கள் தாமாகவே வந்தன. "உன் தலையில இது விழக் கூடாதுன்னுதான் கைய தூக்கினேன் மச்சான். உன்ன ஏமாத்தணும்னு இல்ல."

மைத்துனன் மூடியைச் சாத்தி, கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்தான். கோபப்படுவான் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அவன் யோசித்துக்கொண்டிருந்தான், பழுதான லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று விசாரிக்கிறவன் மாதிரி.

"காலைல நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தாளு தாள் எடுத்துட்டு வந்தாரே, அப்போ?"

"தெரியும்."

"ஆறும் ஒண்ணொண்ணாப் போறப்ப என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

டாக்டர் தலையை ஆட்டினார். சங்கத்துக்கு எழுதிவிடுகிறேன், உன் ஆறையும் யார் வாங்கினார்கள் என்று தேடிப் போய்க் கேட்கிறேன், எப்படியாவது மீட்டுத் தருகிறேன் என்று கோர்வையில்லாமல் ஏதேதோ சொன்னார். மைத்துனன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டான். பிறகு லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்து அவரிடம் நீட்டினான்.

"அக்கா, நீ சாயந்தரம் போன் பண்ணு" என்றான். அவர் பக்கம் திரும்பி, வெளியாளிடம் விடைபெறுகிற மரியாதையோடு லேசாகத் தலை குனிந்தான்.

"வரேன் டாக்டர்."

சங்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவன் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.